மிஞ்சிய ஸ்க்ரூ

நல்லசிவம் குடிலுக்கு வந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் அவரவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் சாப்பிடவில்லை. நேராகத் தவமணி அம்மாவின் முன்னால் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இது மிஞ்சிருச்சும்மா.”

“எதுல?”

“அதான் தெரியல. வீட்டுல எல்லாத்தையும் மாட்டி முடிச்சுட்டேன். இது ஒண்ணு மட்டும் கையில நிக்குது. படுத்தாத் தூக்கம் வர மாட்டேங்குது. எது எப்பக் கழண்டு விழுமோன்னு காது அதுலயே இருக்கு. இந்த நடுக்கம் நிக்க ஒரு வழி சொல்லுங்கம்மா.”

நல்லசிவத்தின் கேள்விகள் எப்போதும் இப்படித்தான். பாதி சாமானைப் பற்றி இருக்கும், பாதி மனசைப் பற்றி இருக்கும். எதற்குப் பதில் சொல்வது என்று எதிரே இருப்பவருக்குக் குழப்பம் வரும்.

இந்தக் குடிலில் குருவான தவமணி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது, சீடர் நல்லசிவத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. திண்டுக்கல் மலையடிவாரத் தெரு ஒன்றில் தகரக் கூரை போட்ட ஒரே கூடம், அதுதான் குடில். அம்மாவை யாரும் தொடுவதில்லை, காலில் விழுவதும் இல்லை. எட்ட நின்று ஒரு கும்பிடு, அவ்வளவுதான். அவரவர் வேலையை அவரவரே செய்ய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. தபால் ஆபீசில் ஓய்வு பெற்று வந்து சேர்ந்த நாளிலிருந்து நல்லசிவம் அந்த விதியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். முதலில் தட்டு கழுவினார். அப்புறம் டிரில்லிங் மெஷின் வாங்கினார்.

அம்மா ஸ்க்ரூவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“வடிவு அம்மா எப்ப வர்றாங்க?”

“நாளைக்கு.”

வடிவு அவர் மனைவி. மதுரையில் முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். மகள் கயல்விழி கூட இருந்து பார்த்துக்கொண்டாள்.

“டாக்டர் ஒண்ணே ஒண்ணுதாம்மா சொன்னாரு. விழாமப் பாத்துக்கங்கன்னாரு. இப்ப விழுந்தா அந்த முட்டியை வச்சு மறுபடி எதுவும் செய்ய முடியாதாம். அதுக்காகத்தான் வீடு பூராவும் நானே இழுத்துப் போட்டு ரிப்பேர் பண்ணினேன்.”

“வாங்க ஐயா. இது எங்க மிஞ்சுச்சுன்னு பாத்துட்டு வருவோம்.”

வீடு அடுத்த தெருவில்தான். வாசலில் அம்மா காலிங்பெல்லை நோக்கி விரலை நீட்டினார்.

“அது அடிக்காதும்மா. அதை அமுக்கினா அடுப்படி லைட் எரியும்.”

“பெல்?”

“அடுப்படி லைட்டைப் போட்டா பெல் அடிக்கும். வயர் மாறிப் போச்சு. ஆனா ஒண்ணும் மோசமில்ல. வீட்டுல இருந்தா லைட் எரியறதை வச்சு ஆள் வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.”

பூட்டைத் திறந்துவிட்டு, அவர் கதவின் அடியில் வலது காலை நுழைத்துத் தூக்கி, தோளால் ஒரு இடி இடித்தார். கதவு முனகிக்கொண்டு உள்ளே போனது.

“மழைக்கு இறுக்கிக்கிச்சுன்னு இழைச்சேன். கொஞ்சம் கூடுதலா இழைச்சுட்டேன். அப்புறம் சந்து தெரியுதேன்னு ஒரு பட்டி அடிச்சேன். இப்ப இப்படித் தூக்கித் தள்ளினாப் போதும்.”

“காலால தூக்கணும்.”

“ஆமாம்மா.”

“வடிவு அம்மா எந்தக் காலால தூக்குவாங்க?”

நல்லசிவம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா உள்ளே வந்ததும் அவர் அதை மறுபடி இடித்துச் சாத்தினார்.

உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே காற்று இல்லை. மேலே ஒட்டடை மட்டும் ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்தது. கழற்றித் துடைத்து மாட்டியதிலிருந்து அது அப்படித்தான் சுற்றுகிறது என்றார். அடுப்படியில் அம்மா கை கழுவக் குழாயைத் திறக்கப் போனபோது ஓடி வந்தார்.

“அந்தப் பக்கம் நிக்காதீங்க. இப்படிச் சுவரோரமா நின்னு திறக்கணும்.”

குழாயின் கழுத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தது. அம்மா சுவரோரமாக நின்று திறந்தார். வாயில் வரவேண்டிய தண்ணீர் கழுத்தில் வந்து எதிரே நின்ற நல்லசிவத்தின் சட்டையை நனைத்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பழகியிருந்தது.

“இதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமா?”

“நான் கூடவே நின்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்ம்மா. அதைத் தொடாத, இதை இழுக்காத, இங்க நிக்காதன்னு.”

“ஸ்க்ரூ இங்கயும் மிஞ்சலை.”

“இல்லம்மா. இங்க மிஞ்சலை.”

அப்போது அவர் போன் அடித்தது. அந்தப் போனை ஒரு தடவை அவரே கழற்றிப் பார்த்ததிலிருந்து அது ஸ்பீக்கரில்தான் பேசும். தெருவில் நின்று பேசினால் தெருவே கேட்கும்.

“அப்பா, இன்னைக்கே அனுப்பிட்டாங்கப்பா. திண்டுக்கல்லுக்குள்ள வந்துட்டோம்” என்றாள் கயல்விழி. “இந்தாங்க, அம்மா பேசணுமாம்.”

நல்லசிவம் அவசரமாகக் குழாயை மூடினார்.

“என்னங்க” என்றார் வடிவு. “வீட்டுல எதையாவது ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்கீங்களா?”

“இல்லையே.”

“குரல் ஒரு மாதிரி இருக்கே.”

“தண்ணி குடிக்கல. அதான்.”

“மிக்ஸியையாவது தொடாம விட்டீங்களா?”

அவர் மேடையைப் பார்த்தார். மிக்ஸி ஒரு செய்தித்தாளின் மேல் பாகம் பாகமாகக் கிடந்தது.

“தொடல.”

பிறகு வடிவின் குரல் இறங்கி வந்தது.

“எனக்குப் பயமா இருக்குங்க. வலி கூடப் பரவாயில்ல. நம்ம பாத்ரூமை நெனச்சாத்தான் கை காலெல்லாம் உதறுது.”

“கைப்பிடி வச்சிருக்கு, வடிவு. எவர்சில்வர்.”

“யாரு வச்சா?”

நல்லசிவம் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொத்தனார்தான் வந்து வச்சாரு.”

“அப்பச் சரி” என்றார் வடிவு. அவர் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. “அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்குவேன்.”

போன் நின்றது. நல்லசிவம் அதைப் பையில் போட்டார்.

“பாத்ரூம் எங்க ஐயா?” என்றார் அம்மா.

“அங்க ஒண்ணும் இல்லம்மா. அங்க மிஞ்சலை.”

“பாத்துடுவோம்.”

பாத்ரூம் வாசலில் ஒரு சாக்கு கிடந்தது. தரையை அவரே மறுபடி பூசியிருந்தார். வாட்டம் தவறியதில் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கூடத்தைப் பார்த்து வந்தது. அதற்குத்தான் சாக்கு. ஈரம் எந்நேரமும் இருந்தது. எதிர்ச் சுவரில் கைப்பிடி பளபளவென்று மின்னியது. இந்த வீட்டிலேயே பார்க்க ஒழுங்காக இருந்த சாமான் அது ஒன்றுதான்.

“நல்லா இருக்கே.”

“ஆமாம்மா.”

“இழுத்துப் பாத்தீங்களா?”

“இன்னும் இல்ல. சிமெண்ட் காயட்டும்னு விட்டுருக்கேன்.”

“எப்பப் பூசுனது?”

“போன அமாவாசைக்கு.”

அடுத்த அமாவாசை நெருங்கிவிட்டது. அம்மா அதைச் சொல்லவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரத்தரையில் இறங்கினார்.

“பாத்து வாங்கம்மா. வழுக்கும்.”

அம்மா வலது முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆனவர்கள் நிற்பதுபோல உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

“வடிவு அம்மா இப்படித்தானே நிப்பாங்க?”

“ஆமாம்மா.”

“அப்புறம் இப்படிப் பிடிப்பாங்க.”

இடது கையைக் கைப்பிடியை நோக்கி நீட்டி, முழு உடம்பையும் அதன்மேல் போடப் போனார்.

“பிடிக்காதீங்க” என்று நல்லசிவம் கத்தினார்.

கத்தியதோடு நிற்கவில்லை. ஈரத்தில் பாய்ந்து, அம்மாவின் கையை முழங்கைக்கு மேலே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அவர் கால் வழுக்கியது. ஆனாலும் பிடி தளரவில்லை. குடிலின் விதி எதுவும் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

“ஏன் ஐயா?”

அவருக்கு மூச்சு வாங்கியது.

அம்மா இன்னொரு கையில் இருந்த ஸ்க்ரூவின் நுனியால் கைப்பிடியின் தகட்டை மெல்லச் சுரண்டினார். தகட்டில் மூன்று ஸ்க்ரூவின் தலை தெரிந்தது. நான்காவதாகத் தெரிந்தது தலை இல்லை. ஓட்டையில் வெள்ளைச் சிமெண்டை உருட்டி அடைத்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் பூசியிருந்தது. பெயிண்ட் உரிந்து மாவு கொட்டியது. ஸ்க்ரூவை அந்த ஓட்டையில் வைத்தார். அளவு சரியாக இருந்தது.

பிறகு விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கைப்பிடி, மிச்ச மூன்று ஸ்க்ரூவையும் கூட்டிக்கொண்டு, சுவரை விட்டு வந்து வாளிக்குள் விழுந்தது.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார்.

“எங்க மிஞ்சுச்சுன்னு தெரியாதுன்னு சொன்னீங்க.”

“தெரியும்மா.” அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த ஓட்டையில போட்டா சுத்திக்கிட்டே இருந்துச்சு. பிடிக்கவே இல்ல. மத்த மூணும் அப்படித்தான் இருந்திருக்கும்.”

“ஒரு தடவை இழுத்துப் பாத்திருக்கலாமே?”

“வந்துட்டா?”

“வரட்டும்.”

“வந்துட்டா, அவளுக்குன்னு என்னால ஒண்ணுமே செய்ய முடியலன்னு ஆயிடுமேம்மா. அவ ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. நான் இங்க சும்மா உக்காந்து என்ன செய்வேன்? ஏதாவது ஒண்ணைத் திருகிக்கிட்டு இருந்தாத்தான் பயம் அடங்குது.”

கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை வேண்டும். இரண்டு கையும் அம்மாவின் கையில் இருந்தன.

“ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாமே ஐயா.”

“நம்ம குடில் விதிதானேம்மா? அவரவர் வேலையை அவரவரே செய்யணும்னு. நீங்க சொல்லித்தானே நான்...”

“அதுவா?” என்றார் அம்மா. “தட்டு கழுவ வந்துக்கிட்டிருந்த பொன்னுத்தாயி வேலையை விட்டு நின்னுட்டாங்க. வேற ஆள் கிடைக்கல. அதான் அப்படிச் சொன்னேன்.”

நல்லசிவம் அம்மாவையே பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வாளிக்குள் கிடந்த கைப்பிடி தண்ணீருக்கடியில் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

கூடத்துக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் லைட் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

“வந்துட்டா” என்றார் நல்லசிவம்.

வாசலில் கயல்விழி கதவைத் தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கதவு அசையவில்லை. “அப்பா, எப்படித் திறக்குறது இதை?” என்று அவள் கேட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து வடிவின் குரல் வந்தது.

“பெல்லு வேற அடிக்கல. எதையோ பண்ணி வச்சிருக்காரு. நான் சொல்லலை?”

நல்லசிவத்தின் கைகள் இன்னும் அம்மாவின் கையை விடவில்லை.

“கொத்தனார் வச்சதுன்னு நம்பி வந்து நிக்கிறாம்மா. இந்த ஈரத்துல, இந்த வீட்டுல, அவ எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா?”

அம்மா தன் கையைக் குனிந்து பார்த்தார். அவர் பிடித்த இடம் சிவந்திருந்தது.

“கொத்தனாரை நான் கூட்டிட்டு வர்றேன்” என்றார். “நீங்க என் கையை விட்டுட்டு வாசலுக்குப் போங்க ஐயா.”