குப்புறத் தைத்த மூட்டை

அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் ப்ரூயிட் என்று ஒரு கேப்டன். அவனுக்குப் பதவி உயர்வு கொடுக்கத் தளபதி வரப்போகிற சமயத்தில், டோபயஸ் என்ற மாலுமியைச் சவுக்காலேயே அடித்துக் கொன்றுவிட்டான்.

கப்பல் பாய் தைக்கும் ஈபனைக் கூப்பிட்டான். "இவன் காய்ச்சலில் செத்தான். பாய்த்துணியில் சுற்றித் தைத்துவிடு. இவன் முதுகை எவனுக்காவது காட்டினாய், அடுத்த மூட்டை உனக்குத்தான்!"

"உத்தரவு, துரை."

பிணத்தைக் கடலில் இறக்கும்போது தளபதியும் வந்து நின்றார். மூட்டையில் குதிகால்கள் மேலே துருத்திக்கொண்டிருந்தன.

"மல்லாத்தித்தானே தைப்பது வழக்கம்? இதென்ன குப்புற?"

"கேப்டன் காய்ச்சல் என்றார் ஐயா," என்றான் ஈபன். "அந்தக் காய்ச்சல் முழுக்க முதுகிலேயே வந்திருக்கிறது. மல்லாத்த மனசு வரவில்லை."

தளபதி ஈபனின் கத்தியை வாங்கித் தையலைக் கிழித்தார். முதுகு என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை.

டோபயஸ், பிணம் மிதக்காமலிருக்கக் காலில் கட்டிய பீரங்கிக் குண்டோடு மூழ்கினான். கேப்டனின் பதவி குண்டு கட்டாமலே மூழ்கியது.