தம்பிக்குப் படையல்

குருவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சிஷ்யைக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரைச் சாமி என்பார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

செங்கமலம் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அவரும் தம்பி தணிகாசலமும்தான். தம்பி குடித்துக் குடித்துச் செத்துப்போன பிறகு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிட்டார். வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அன்று காலையில் சாமி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். செங்கமலம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"நாளைக்குத் தம்பிக்குத் திதி."

"போயிட்டு வாங்க."

"போகலை சாமி."

"ஏன்?"

"படையல் போட்டா கதவைச் சாத்தணும். அது என்னால ஆகாது."

சாமி தட்டைக் கவிழ்த்து வைத்தார். "நானும் வர்றேன். பஸ் எப்போ?"

இந்தச் சாமியிடம் இதுதான் தொல்லை. ஒன்று சொன்னால் வேறொன்று கேட்பார்.

கதவு சாத்துவது அவர்கள் பக்கத்து வழக்கம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் செத்தவர் கூச்சப்பட்டு இலையில் உட்கார மாட்டாராம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் போய் வீட்டைத் திறந்தார்கள். சாமி ஒட்டடை அடித்தார். செங்கமலம் கருவாட்டுக் குழம்பு வைத்தார், முட்டை அவித்தார், கொஞ்சம் கேசரி கிளறினார். சொந்தம் என்று ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. குடிகாரன் திதிக்கு எவன் வருவான்?

பக்கத்து வீட்டு ராஜாமணி மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஒரு குவார்ட்டர் வாங்கி இலையில வைங்கம்மா. வேற என்னத்தை அவன் ஆசையாச் சாப்பிட்டான்?"

"போய்யா, போய் உன் வேலையைப் பாரு!"

ராஜாமணி போய்விட்டார். செங்கமலம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவ்வளவுதானா சாமி என் தம்பி? ஊரைக் கேட்டா குடிகாரன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. நான் ஆபீஸுக்குக் கட்டிக்கிட்டுப் போன சேலையெல்லாம் அவன் இஸ்திரி போட்டதுதான். கை நடுங்க ஆரம்பிச்ச பிறகும் விடலை. ரெண்டு சேலை கருகிப்போச்சு. திட்டினேன். மறுநாள் காலையில பார்த்தா மூணாவது சேலையை விரிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறான்."

சாமி சிரித்தார். செங்கமலமும் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

இலை போட்டாயிற்று, விளக்கும் ஏற்றியாயிற்று. இருவரும் வாசலுக்கு வந்தார்கள். செங்கமலம் கதவில் கை வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"முடியலை சாமி."

"ம்."

"அன்னைக்கும் இந்தக் கதவைத்தான் சாத்தினேன். குடிச்சிட்டு வந்தா திறக்காதீங்க, அப்பதான் திருந்துவான்னு மீட்பு மையத்துல சொன்னாங்க. எத்தனையோ தடவை மனசு கேக்காம திறந்திருக்கேன். அன்னைக்கு ஒரு நாள்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரம். இந்தப் படியில உட்கார்ந்துக்கிட்டு அக்கா, அக்கான்னு கூப்பிட்டான். நான் கதவுக்குப் பின்னாடிதான் இருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டா இன்னும் கெஞ்சுவானேன்னு முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல எழுந்து போயிட்டான். மறுநாள் மார்க்கெட் ஓரத்துல கிடந்தான்."

சாமி அந்தப் படியைப் பார்த்தார்.

"நான் செஞ்சது சரியா தப்பான்னு கேட்கலை. அது எப்படியோ போகட்டும். அக்கா நிம்மதியா தின்னுட்டுப் படுத்துட்டா, நம்மளை வேண்டாம்னு தள்ளிட்டான்னு நினைச்சுக்கிட்டே போயிட்டானே, பாவி. அதைத்தான் தாங்க முடியலை."

"அக்கா, உள்ளே போங்க."

"எதுக்கு?"

"நீங்க உள்ளே இருங்க. நான் வெளியே இருக்கேன்."

"படையல் வச்ச இடத்துல ஆள் இருக்கக் கூடாது சாமி. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கதவைச் சாத்தணும்னுதானே வழக்கம்? நான் சாத்துறேன். போங்க."

செங்கமலம் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார். சாமி கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு படியில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. தெருவில் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன சாமி, உள்ளே விட மாட்டேங்கிறாங்களா?"

சாமி உதட்டில் விரலை வைத்தார். பால்காரர் குழம்பிப்போய், மணியடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் வரவில்லை. சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் கதவு திறந்தது. செங்கமலம் முகத்தைக் கழுவித் துடைத்திருந்தார்.

"வரலை சாமி. வச்சது வச்ச மாதிரி இருக்கு. குடிச்சவனும் வரலை, குடிக்காதவனும் வரலை. நான் ஒருத்திதான் அந்த இலைக்கு முன்னாடி பைத்தியக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்."

சாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"ஏதாவது சொல்லுங்களேன். என்ன நினைச்சுக்கிட்டுப் போனானோ என் தம்பி!"

"அது எனக்குத் தெரியாதுக்கா. நீங்க உள்ளே அழுதது தெரியும்."

"சத்தமே வரலையே? வாயைப் பொத்திக்கிட்டுல்ல அழுதேன்!"

"இந்தப் படியில உட்கார்ந்தா கேட்குதுக்கா."