மேலாளரே முட்டிப் பார்த்த பெட்டி

ஓசூரில் ஒரு மென்பொருள் கம்பெனி. அதன் மேலாளர் தணிகாசலத்துக்குத் தெரியாத புரோகிராம் உலகத்தில் இல்லையாம்; அவரே சொல்லிக்கொள்வார். புதிதாகச் சேர்ந்த பவளக்கொடியைக் கூப்பிட்டார்.

"நம்மகிட்ட வர்ற, ஒன்றுக்கொன்று போட்டியான மூன்று கம்பெனிகளின் மீட்டர் அளவுகள் ஒரே பட்டியலில் வரணும். யாருடையது என்ன வகை என்று வெளியே தெரியக் கூடாது. முடியலேன்னா உனக்கு வேலை நிரந்தரம் இல்லைம்மா."

ஒரு பட்டியலில் முழு எண்ணோ எழுத்தோ, ஒரே வகைத் தரவைத்தான் வைக்கலாம் என்பது அங்கே பயன்படுத்திய நிரல்மொழியின் சட்டம். அது தெரிந்தேதான் கேட்டார்.

பவளக்கொடி நிரலிலேயே ஒரு பெட்டி எழுதினாள். அளவையும் அதைப் படிக்கும் வழியையும் கம்பெனிக்காரர்களே ஆளுக்கொரு பெட்டியில் வைத்து மூடினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வகைப் பெட்டி. பட்டியலில் ஒழுங்காக உட்கார்ந்தன.

ஒப்பந்தம் போட வந்திருந்த மூன்று கம்பெனிக்காரர்கள் முன்னால் தணிகாசலம் கேட்டார்: "இரண்டாவதில் என்ன வகை?"

"தெரியாது சார். படின்னா படிக்கும், அவ்வளவுதான்."

"எழுதினவளுக்கே தெரியாதா? நகரு, நான் எடுத்துக் காட்டுறேன்."

மூவரும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எந்தப் பக்கம் திறக்கப் பார்த்தாலும், உள்ளிருக்கும் வகையை வெளியே விட மாட்டேன் என்று, நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் சிவப்பு எழுத்தில் மறுத்தது. ஒரு மணி நேரம் போனது. அவர் சட்டை நனைந்தது.

"போதும் சார்," என்றாள் பவளக்கொடி. "உங்களாலேயே திறக்க முடியலேன்னா வேறு யாரால் முடியும்?"

மூவரும் சிரித்தபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவளுடைய நிரந்தர உத்தரவில் தணிகாசலமும் போட்டார்.