நோட்டீசுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

செவலூர்த் திருநீற்றடியார் சபையில் அறிவுக்குக் குறைவு இருந்ததே இல்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது அப்படியே இருக்கிறது. செயலாளர் ஆவுடையப்பன், பொருளாளர் சங்கரலிங்கம், தலைவனாகிய அடியேன் ஆக மூவரும் ஞாயிறுதோறும் பண்டாரம் என்பவருக்குச் சொந்தமான மண்டபத்தில் பதிகம் ஓதுவோம். கேட்க இறைவன் வருகிறான் என்பது எங்கள் நம்பிக்கை. வேறு யாரும் வந்ததில்லை.

ஒருநாள் பண்டாரம் வந்து சொன்னார்: “அண்ணாச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை உங்க ஆண்டு விழாவுக்கு மண்டபம் நிறையணும். இல்லேன்னா கராத்தே வகுப்புக்கு விட்டுருவேன்.”

பதிகம் ஓதாத ஞாயிற்றை எங்களால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. ஊர் முழுவதையும் அழைக்க நோட்டீஸ் வேண்டும் என்று தீர்மானித்தோம். கணினியைத் திறக்கவும் மூடவும் அறிந்தவன் என்னும் தகுதியால் வடிவமைக்கும் திருப்பணி என்னைச் சேர்ந்தது.

அச்சகம் நடத்தும் செண்பகம் ஆயத்த டெம்ப்ளேட்டுகள் பலவற்றைக் காட்டினார். குங்கும நிறத்தில் மங்களகரமாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது பல்பொடி விளம்பரத்துக்கு உரியது.

“நீங்க புதுசு ஐயா. எழுத்தை மாத்துங்க, படத்தை மாத்துங்க. மத்தபடி எதையும் அசைச்சுராதீங்க, கெட்டுப்போயிரும்” என்றார் செண்பகம்.

பெரியோர் அருளிய பாட்டில் ஓரெழுத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பாவம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த டெம்ப்ளேட்டைத் திறக்குமுன் மூவரும் கைகால் கழுவிக்கொண்டோம்.

அதில் நான்கு வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நாம மூணு பேருதானவே இருக்கோம்” என்றார் ஆவுடையப்பன்.

“ஒரு வட்டத்தைக் காலியா விட்டா என்ன?” என்று கேட்டார் சங்கரலிங்கம்.

“பல்பொடிக்காரன் விட்டானாவே?”

அப்போது மண்டபத்து மின்விசிறியைப் பழுதுபார்க்க எலக்ட்ரீசியன் வேலு ஸ்டூலின்மேல் நின்றுகொண்டிருந்தார். அவரை இறங்கிச் சிரிக்கச் சொன்னோம். சிரித்தார். சபையின் நான்காம் உறுப்பினரானார். பல் இருந்தவர் எங்களுள் அவர் ஒருவரே என்பது படம் எடுத்தபின் தெரிந்தது.

மேலே பல்பொடியின் விளம்பர வரி இருந்த இடத்தில் ‘திருநீற்றடியார் சபை ஆண்டு விழா’ அடங்கியது. அடுத்து, பல்பொடியின் பெயர் இருந்த இடம். சிறப்புச் சொற்பொழிவாளர் முனைவர் திருச்சிற்றம்பலத்தின் பெயரை அங்கே இட்டேன். ‘திருச்’ வரைதான் உள்ளே நின்றது.

“எழுத்தைச் சின்னதாக்கலாம்லா?” என்றார் சங்கரலிங்கம்.

“அசைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குவே. ஆளைத்தான் சின்னதாக்கணும்” என்றார் ஆவுடையப்பன்.

முனைவருக்கு வணக்கத்துடன் தொலைபேசியில் விடை கொடுத்தோம். ‘வேலு’ என்னும் பெயர் அவ்விடத்தில் அளவெடுத்துத் தைத்ததுபோல் அமர்ந்தது.

“எனக்குப் பேச வராதுய்யா” என்றார் வேலு.

“அதை யாருப்பா கேட்டா? பேரு சின்னதா இருக்கு. அது போதும்” என்றேன்.

அச்சுக்குக் கொடுத்தபோது செண்பகம் கேட்டார்: “ஐயா, தேதி எங்க? இடம் எங்க?”

“அதுக்கெல்லாம் இதுல வழியில்லையேம்மா.”

“கீழ அவ்வளவும் வெறுமனே கெடக்கே.”

“காலியா இருக்கணும்னுதானே அதைக் காலியா விட்டிருக்காங்க.”

செண்பகம் அப்படியே அச்சடித்துக் கொடுத்தார்.

தேதியும் இடமும் தெரியாமல் யார் வருவார்? ஆழ்ந்து விவாதித்து வழி கண்டோம். நோட்டீசைப் பேருந்து நிலையம், சந்தை, தபால் நிலையம் மூன்றிலும் ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவராக நின்று, வாசிப்பவரிடம் மீதியை வாயால் சொன்னோம். சுவரொட்டிக்குப் பக்கத்தில் அதே முகம் அதே சிரிப்போடு நின்றால் யார்தான் நின்று பாராமல் போவார்? ஊரே கூடிக் கேட்டுச் சென்றது.

விழா நாளன்று, நான் நோட்டீசுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பேருந்து நிலையத்துக்குப் பண்டாரம் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். “அண்ணாச்சி, மண்டபம் பிதுங்குது. ஈரக்கையோட சுவிட்சைத் தொடக்கூடாதுன்னு வேலு ஒரு மணி நேரம் பேசி முடிச்சாச்சு. சனம் கையைத் தட்டுது. இனி எல்லா ஞாயிறும் உங்களுக்குத்தான். வந்து பதிகத்தை ஓதுங்க.”

“நான் வந்துட்டா இந்த நோட்டீசுக்குத் தேதி யாரு சொல்லுவா?”

“விழா இன்னைக்குத்தான அண்ணாச்சி. இந்நேரம் பாதி முடிஞ்சு போச்சு.”

“நாளைக்கு வாசிக்கிறவனுக்கு, அது நேத்தே முடிஞ்சுட்டுன்னு தெரிய வேண்டாமா?”

பண்டாரம் சுவரைக் காட்டினார். “அப்போ அதைக் கிழிச்சுப் போடுங்க.”

“கிழிச்சா அசைஞ்சுருமே.”

ஆக, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நிலைத்தது. மண்டபம் காத்திருக்கிறது. ஓதத்தான் நாங்கள் போக முடியவில்லை.

காலும் வலிக்கத் தொடங்கியதால், எங்களுக்குப் பதிலாக நிற்க மூன்று பேரைத் தேட முடிவுசெய்தோம். ‘நோட்டீசுக்குப் பக்கத்தில் நிற்க ஆட்கள் தேவை’ என்று மேல்வரியில் இட்டு, கைபழகிய அதே டெம்ப்ளேட்டில், புதிய நோட்டீஸ் ஒன்றை வடிவமைத்தேன். யாரிடம், எங்கே வந்து கேட்பது என்று சொல்ல இதிலும் இடமில்லை. ஆகவே அதன் பக்கத்தில் வேலுவை நிறுத்தினோம்.

இறையருளால் மறுநாளே ஒருவர் வேலைக்கு வந்தார். பொறுமைசாலி, நிற்பதில் பழக்கமும் உள்ளவர். வேலு மின்விசிறி வேலைக்குப் போகவேண்டியிருந்ததால், வந்தவரை அந்த ‘ஆட்கள் தேவை’ நோட்டீசுக்கே பக்கத்தில் நிறுத்திவிட்டோம்.