ஒத்தைக் காலில் நின்ற மயில்

"அண்ணி, மயில் ரிவர்ஸ்ல போகுது!"

போனில் லோகு கத்தினான். அவனுக்குப் பின்னால் மேளச் சத்தம், வெடிச் சத்தம், யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்.

"முருகர்?" என்றாள் வஞ்சிக்கொடி.

"அவரும்தான். மயில் மேல உக்காந்துட்டு அவர் மட்டும் எப்படி முன்னால போவார்? வேலை முன்னால நீட்டிட்டுப் பின்னால போறார். வள்ளி வீட்டுல எதையோ மறந்து வெச்சுட்டாராம், எடுக்கப் போறாராம். இங்க அப்படித்தான் பேசிக்கறாங்க."

"சிரிக்கறது யாரு?"

"குன்னத்தூர் பாலு. பன்னீர் சோடா வாங்கிக் குடிச்சுட்டே சிரிக்கறான்."

சிரிக்க மாட்டானா? போன வருஷம் வரைக்கும் வேட்டுவம்பாளையம் தேர்த் திருவிழாவுக்கு லைட் போட்டவன் அந்தப் பாலுதான். இந்த வருஷம்தான் 'வஞ்சி லைட்ஸ்'க்குக் கிடைத்தது. மூங்கில் சாரம் கட்டி, பனைமர உயரத்துக்கு மயில்வாகன முருகர் பல்புப் படம் நிறுத்தியாச்சு. எந்தப் பல்பு எப்போது எரிய வேண்டும் என்று சாரத்துக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். தேர் முக்குத் திரும்பும்போது மயில் நடந்து வர வேண்டும், தேர் எதிரே வந்ததும் தோகை விரிக்க வேண்டும். "விரிக்கலேன்னா அடுத்த வருஷம் பழையபடி பாலுதான், அம்மிணி" என்று விழாக் கமிட்டித் தலைவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

தேர் நிலையை விட்டுக் கிளம்பிவிட்டது. மயில் வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

சாயந்திரம் போட்டுப் பார்த்தபோதே மயில் சரியாக நடக்கவில்லை. புரோகிராம் எழுதியது கயல் என்கிற காலேஜ் பெண். அவள் வால்பாறை பஸ்ஸில் இருந்தாள். "வேற கம்ப்யூட்டர்ல இருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சரி பண்ணலாம்க்கா. தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

தாராபுரத்தில் தெரிந்த ஆள் ஒருத்தர்தான். நெட் சென்டர் துரைக்கண்ணு. அவரிடம் போனில் சொன்னால் வேலை நடக்காது, தலைமாட்டில் ஆள் உட்கார வேண்டும். அதனால்தான் திருவிழாவை விட்டுவிட்டு வஞ்சி இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். துரைக்கண்ணுவுக்கு வேலை தெரியும். அதில் பொய் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் பொய்.

கயல் போனில் அவருக்கு என்னவோ விளக்கினாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு "உம்... உம்..." என்றார். பிறகு "எல்லாம் தெரியும் பாப்பா. நீ சிலேட்டுல அனா ஆவன்னா எழுதறப்பவே நான் இதெல்லாம் எழுதி அழிச்சவன்" என்று கட் பண்ணினார். பஸ் மலை ஏறிவிட்டது. அதற்கப்புறம் கயலுக்கு லைன் போகவில்லை.

"பாருங்க அம்மிணி" என்றார் துரைக்கண்ணு. வேட்டுவம்பாளையத்துப் புரோகிராம் வரிவரியாக அவர் கம்ப்யூட்டரில் தெரிந்தது. ஒரு வரிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார். "இது மயக்க ஊசி. ஓடற புரோகிராம் இந்த எடத்துக்கு வந்ததும் அப்படியே நின்னுரும். வயித்தைத் தொறந்து பார்த்துட்டுத் தைச்சுரலாம்."

பார்த்தார். ஓர் அடி கூட்ட வேண்டிய இடத்தில் ஓர் அடி கழித்துக்கொண்டிருந்தது. மாற்றினார். அவ்வளவுதான். நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக் கால்மேல் கால் போட்டார்.

"தைச்சாச்சு."

"அண்ணி! பின்னால போறது நின்னுருச்சு!" என்று லோகு கத்தினான்.

வஞ்சிக்கு உயிர் வந்தது. "முன்னால வருதா?"

"இல்ல அண்ணி. ஒரு காலைத் தூக்குச்சு. தூக்கினபடியே நிக்குது."

வஞ்சி துரைக்கண்ணுவைப் பார்த்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்ச உடனே எந்திரிச்சு ஆடுவாங்களா? மயக்கம் தெளிய வேண்டாமா? உக்காருங்க. கரூர் ரைஸ்மில்லு கதை உங்களுக்குச் சொல்லியிருக்கனா?"

"வேண்டாங்ண்ணா."

சொன்னார்.

"அரிசியில கல் பொறுக்கற மெஷின் அது. புரோகிராம் கிறுக்குப் புடிச்சு அரிசியை வெளிய எறியுது, கல்லை மூட்டை கட்டுது. ஓனர் அழுதுட்டே போன் பண்ணினார். இதே நாற்காலிதான். இங்க இருந்தே உள்ள போய் ஒரு தட்டு தட்டினேன். என்ன ஆச்சுங்கறீங்க? கல்லைப் பொறுக்குச்சு, கருப்பு அரிசியைப் பொறுக்குச்சு. அதோட நிக்கலை. கோவமா இருக்கற அரிசியையும் பொறுக்கி வெளிய போட்டுருச்சு. அந்த அரிசி வாங்கிப் பொங்கின வீட்டுல எல்லாம் மாமியா மருமக சண்டையே கிடையாது."

கடையில் இன்னொருத்தரும் இருந்தார். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஆறுச்சாமி. ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். எடுத்து முடித்தும் போகவில்லை.

"ஏப்பா துரை, அந்த அரிசியில எங்க வீட்டுக்கு ஒரு மூட்டை கெடைக்குமா?"

"அது அப்பவே தீந்து போச்சுங்க கண்டக்டரே."

"தீராம இருக்குமா?"

"அண்ணி" என்றது போன். "இன்னும் ஒத்தைக் கால்லதான் நிக்குது. ஒரு கெழவி வந்து சூடம் ஏத்திட்டுப் போகுது."

"அண்ணா, இன்னொரு தடவை பாருங்களேன்" என்றாள் வஞ்சி.

"பார்த்ததுதான் அம்மிணி. சூடம் ஏத்தறாங்கன்னா நல்ல சகுனம். இதாவது தரையில இருக்கற மயில். நடுக்கடல்ல கப்பல் நின்னப்பவே நான் அசரலை."

"எந்தக் கடல்?" என்றார் ஆறுச்சாமி.

"நடுக்கடல்ங்கறேன். அங்க போர்டா வெச்சிருப்பாங்க? கப்பல் எஞ்சினோட புரோகிராம் சுருண்டு படுத்துக்கிச்சு. சிக்னல் கெடைக்கலை. என்ன பண்ணினேன்? மொட்டை மாடிக்குப் போய் இட்லித் தட்டை வானத்தைப் பார்த்துப் புடிச்சேன். ஒவ்வொரு குழியிலயும் ஒவ்வொரு நாட்டுச் சிக்னல் வந்து உழுகுது. கப்பலோட சிக்னல் நடுக்குழியில உழுந்துச்சு. அதை ஆறவிடாம அப்படியே கீழ கொண்டாந்து கம்ப்யூட்டர்ல ஊத்தி, தப்பைத் திருத்தி எண்டரைத் தட்டினேன். கொஞ்சம் அழுத்தித் தட்டிட்டேன் போல. கப்பல் கெளம்பின வேகத்துல கரையேறி, தார் ரோட்டைப் புடிச்சு, வந்துட்டே இருக்குது. டோல்கேட்டுலதான் மடக்கினாங்க."

"டோல்கேட்டுல கப்பலை என்னன்னு எழுதினாங்க?"

"அதுலதான் தகராறு. சக்கரம் இல்லாத வண்டிக்கு எந்த ரேட்டுன்னு அவங்களுக்கே தெரியலை."

"நம்ம பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்துச்சா?"

"வெளியவே நின்னுட்டுப் போயிருச்சுங்க."

"அதானே. இல்லேன்னா ஏறி டிக்கெட் போட்டிருப்பேனே" என்றார் ஆறுச்சாமி.

வஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் மேளச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தேர் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

"அண்ணி, தேர் முக்குத் திரும்பிருச்சு! மயில் அப்படியே நிக்குது. தவம் பண்ணுதுன்னு பாதி ஜனம் கையெடுத்துக் கும்புடுது. மீதி ஜனம் பாலு கூடச் சேர்ந்து சிரிக்குது. கமிட்டித் தலைவர் என்னையவே பார்க்கறார் அண்ணி. நான் எங்க பார்க்கட்டும்?"

"தரையைப் பாரு. அண்ணா! என்னன்னு பாருங்கண்ணா!"

"பதறாதீங்க அம்மிணி. மயக்கம் ஆளுக்கு ஆள் வேற மாதிரி தெளியும். பூமியை நிறுத்தினப்ப என்ன, சட்டுனா தெளிஞ்சுது?"

ஆறுச்சாமி கிளம்புவதற்காக எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.

"எதை நிறுத்தினப்ப?"

"பூமியைத்தான். ஒரு நாள் மத்தியானம் கர்ருன்னு ஒரு சத்தம். பழைய பஸ்ஸு கியர் மாத்தற மாதிரி. ஊருல யாருக்கும் கேக்கலை, எனக்குக் கேட்டுச்சு. சரி, பூமி சுத்தறதுல எங்கயோ தப்பு இருக்குதுன்னு புரிஞ்சு போச்சு. அதுவும் புரோகிராம்தானே? மேல ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுது. பாஸ்வேர்டைக் கண்டுபுடிச்சு உள்ள போயிட்டேன்."

"என்ன பாஸ்வேர்டு?"

"சொன்னா நீங்க ஓட்டிட்டுப் போயிருவீங்க. உள்ள போனனா, இதே மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி வெச்சேன். பூமி நின்னுருச்சு. காத்து நின்னுச்சு, ஆத்துத் தண்ணி நின்னுச்சு. நீங்க அப்ப வீட்டுல தோசை சுட்டுட்டு இருந்தீங்க கண்டக்டரே. திருப்பிப் போடறதுக்குத் தூக்கி வீசினீங்க, தோசை அந்தரத்துல நின்னுருச்சு."

"எனக்கு அப்படி ஒண்ணும் நெனப்பு இல்லையே."

"எப்படி இருக்கும்? நீங்களும்தான் நின்னுட்டீங்களே."

"நீ மட்டும் நிக்கலையாக்கும்?"

"நிறுத்தினவன் நான். எனக்குத் தனி லைன். சாவகாசமா ஒரு டீ குடிச்சேன். டீயை ஆத்திக் குடுக்கக்கூட ஆள் இல்லை, எல்லாரும் நிக்கறாங்க. நானே ஆத்திக் குடிச்சேன். அப்புறம் தப்பைத் திருத்தினேன்."

ஆறுச்சாமி தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுக்கப் படிக்கட்டில் தொங்கினவர்களிடம் கேள்வி கேட்டே பழகின மனுஷன்.

"இருக்கட்டும். ஒரு விசில் ஊதினா வண்டி நிக்கும். நின்ன வண்டியை எடுக்கணும்னா ரெண்டு விசில் ஊதணும். நிறுத்தின பூமியை மறுபடி எடுக்கறதுக்கு நீ என்னத்தை ஊதினே?"

துரைக்கண்ணு சிரித்தார். "இதுக்கு எதுக்குங்க விசில்? மேல பச்சைக் கலர்ல ஒரு அம்பு இருக்கும். அதை ஒரு அமுக்கு அமுக்கினா நின்னது பாட்டுக்கு..."

வாய் நின்றது. கை அந்தரத்தில் நின்றது. கண் மட்டும் மெல்லக் கம்ப்யூட்டர் பக்கம் போனது.

வஞ்சியும் அங்கேதான் பார்த்தாள். மேலே பச்சைக் கலரில் ஓர் அம்பு. நாற்காலியோடு சேர்த்து அவரை ஒரு தள்ளு தள்ளினாள். நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது, ஜெராக்ஸ் மெஷினில் போய் முட்டித்தான் நின்றது. வஞ்சி மவுஸைப் பிடித்து அம்பை அமுக்கினாள்.

"அண்ணி! காலைக் கீழ வெச்சுருச்சு! முன்னால வெச்சுது அண்ணி, முன்னால!"

"அப்புறம்?"

"அடுத்த காலைத் தூக்கிட்டு நிக்குது."

வஞ்சி மறுபடி அமுக்கினாள். ஓர் அடி. மறுபடி நின்றது. மறுபடி அமுக்கினாள். இன்னும் ஓர் அடி. ஓர் அமுக்குக்கு ஓர் அடிதான் வைப்பேன் என்று மயில் அடம் பிடித்தது. ஏன் என்று கேட்க நேரம் இல்லை. போனில் மேளம் காதைப் பிளந்தது. தேர் வந்துகொண்டே இருந்தது.

"ஆறுச்சாமியண்ணா, அந்தப் போனை என் காதுல வெச்சுப் புடிங்க!"

அவர் பிடித்தார். வஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள். மேளம் ஓர் அடி அடித்தது, அவள் ஓர் அமுக்கு அமுக்கினாள். மேளம் ரெண்டு அடி அடித்தது, அவளும் ரெண்டு அமுக்கினாள். அங்கே பனைமர உயரத்து மயில் மேளத்துக்குத் தக்கபடி கால் மாற்றியது. சிரித்துக்கொண்டிருந்த ஜனம் கப்பென்று அடங்கியது. மேளக்காரனும் பார்த்துவிட்டான். விடுவானா? வேகத்தைக் கூட்டினான். வஞ்சியும் கூட்டினாள். உலகத்தில் எந்த லைட் செட்டிலும் மயில் மேளத்தோடு போட்டி போட்டது கிடையாது. அன்றைக்குப் போட்டது.

தேர் எதிரே வந்து நின்றது. ஓர் அமுக்கு, ஓர் இறகு. ஓர் அமுக்கு, இன்னோர் இறகு. தோகை ஒவ்வோர் இறகாக விரிய விரிய, வடம் பிடித்தவர்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டு விசில் அடித்தார்கள். கடைசி இறகு விரிந்தபோது எழுந்த சத்தத்தில் ஆறுச்சாமி போனைத் தூரமாகப் பிடித்தார்.

லோகு கையிலிருந்து கமிட்டித் தலைவர் போனை வாங்கினார். "அம்மிணி, அடுத்த வருஷமும் நீங்கதான். ஆனா ஒண்ணு. இதே மாதிரி மொதல்ல ஒத்தைக் கால்ல நிக்கணும், அப்புறம் மேளத்துக்கு ஆடணும். மத்த ஊர்க்காரன் எல்லாம் வாயைப் பொளந்து பார்க்கணும்."

"பாலுண்ணன் என்ன பண்றார்?" என்று கேட்டாள் வஞ்சி.

"சோடா பாட்டிலைக் கையில புடிச்சுட்டு ஒத்தைக் கால்ல நிக்கறாப்டி."

துரைக்கண்ணு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் வெட்கமா? அதெல்லாம் இல்லை. "பார்த்தீங்களா? நான் வேணும்னேதான் அப்படி நிறுத்தி வெச்சேன். மேளக்காரன் ஃபார்முக்கு வர்ற வரைக்கும் பொறுக்கணும்ல?"

"ஸ்டாப்பிங் வந்தாச்சு துரை, எறங்கு" என்றார் ஆறுச்சாமி.

லோகுவின் லைனை வைத்ததும் வஞ்சியின் போன் அடித்தது. கயல். பஸ் டீ குடிக்க நின்ற இடத்தில் சிக்னல் கிடைத்திருக்கிறது.

"அக்கா, மயில் ஆடுச்சா?"

"ஆடுச்சு கண்ணு. எனக்குத்தான் வெரல் வீங்கிப் போச்சு. ஒரு அமுக்குக்கு ஒரு அடிதான் வெக்குது."

அந்தப் பக்கம் கயல் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"அக்கா, அந்தண்ணாகிட்ட ரெண்டே ரெண்டுதான் சொன்னேன். முடிச்சதும் அந்தச் சிவப்புப் புள்ளியை எடுத்துருங்க, எடுத்துட்டுப் பச்சை அம்பை அமுக்குங்கன்னு. எல்லாம் தெரியும் பாப்பான்னார்."

வஞ்சி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி, நெற்றிப் பொட்டு மாதிரி, வைத்த இடத்திலேயே இருந்தது.