அரிசிமேல் நின்று கிளறிய செவலை

அந்தக் காலத்தில் கோழிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். முட்டையிட்டதை ஊருக்கெல்லாம் அறிவித்ததோடு கோழி நிற்காது. நாள் முழுவதும் பேசும். அது போதாதென்று சத்தியமும் செய்து கொடுக்கும். அப்படிச் செய்து கொடுத்து மாட்டிக்கொண்ட ஒரு கோழி இருந்தது.

அதன் பெயர் செவலை. செங்கோடன் என்ற குடியானவனின் மனைவி பாவாயி வளர்த்த கோழி அது. ஒரு நாள் காலையில், பாவாயி ஆசையாகப் போட்டிருந்த கத்தரி நாற்றங்கால் முழுவதையும் செவலை கிளறிப்போட்டுவிட்டது. பாவாயி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"இன்னொருக்கா உன் கால் மண்ணைக் கீறுச்சுன்னா ராத்திரி உன்னைக் கூடை போட்டு மூட மாட்டேன். கீரி வந்தா நீயாச்சு, அதாச்சு."

கீரி என்றதும் செவலைக்கு நடுக்கம் வந்துவிட்டது. "பசிக்குத்தானே கிளறுறேன் பாவாயிக்கா? வயிறு ரொம்பினா எனக்கு எதுக்கு இந்த வேலை?"

"சரி, மூணு வேளையும் நானே அரிசி போடறேன். நீ கிளறக் கூடாது."

"என் கொண்டை மேல சத்தியம், கிளற மாட்டேன்" என்றது செவலை.

பாவாயி கஞ்சத்தனம் தெரியாதவள். ஆனால் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அந்த ஊரில் அவள் வீட்டு அரிசி போல வெளுத்த அரிசி எந்த வீட்டிலும் கிடையாது. மற்றவர்கள் இரண்டு தடவை குத்துவதை அவள் மூன்று தடவை குத்துவாள். புடைத்தெடுத்த தவிட்டைக் கொல்லையில் இருந்த குப்பைக்குழியில் கொட்டிவிடுவாள். கீரை ஆய்ந்தால் பாதிக்கு மேல் அதே குழிக்குத்தான் போகும். இத்தனை வெள்ளைச் சோற்றுக்குக் குழம்பு ஊற்றினால் நிறம் கெட்டுவிடும் என்று உப்பும் மோரும் விட்டே சாப்பிடுவாள். செங்கோடனோ காட்டு வேலைக்குப் போகிற இடத்தில் கம்பங்களியும் கொள்ளும் தின்றுவிட்டு வருவான். வீட்டுச் சோறு அவளுக்கும் செவலைக்கும்தான்.

செவலை வாசற்படியில் உட்கார்ந்து வெள்ளை அரிசி கொத்தியது. தெருவில் மண்ணைக் கிளறும் கோழிகளைப் பார்த்துப் பாவப்பட்டது. கொஞ்சம் ஏளனமும் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் போயிற்று. செவலையின் கால்கள் தள்ளாட ஆரம்பித்தன. இறகு உதிர்ந்தது. இட்டதெல்லாம் ஓடில்லாத தோல்முட்டை. ஒன்பது முட்டை இட்டு, அடைகாக்க உட்கார்ந்தபோது ஒன்பதும் அதன் வயிற்றுக்கடியிலேயே உடைந்துபோயின. அடுத்து முட்டை வைத்த ஈட்டிலும் அப்படியே ஒன்பது. பக்கத்து வீட்டுக் கோழி தன் குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் செவலை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அதற்கு அப்படி ஒரு துக்கம்.

பாவாயிக்கும் கால் வீங்கியது. பாதம் மரத்துப்போனது. நாலு குத்து குத்துவதற்குள் உலக்கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவாள்.

"நல்லாச் சாப்பிடு செவலை, தெம்பு வரும்" என்று இன்னும் ஒரு பிடி அரிசி போடுவாள்.

"நீயும் சாப்பிடுக்கா" என்று அதுவும் சொல்லும். இரண்டு பேரும் அதே வெள்ளை அரிசியைத்தான் தின்றார்கள்.

ஒரு நாள் கொல்லையில் நடந்துபோன செவலை கால் இடறிக் குப்பைக்குழிக்குள் விழுந்துவிட்டது. கீழே தவிடு மெத்தென்று இருந்தது. மக்கிய கீரை வாசனை வந்தது. செவலையின் கால் தானாக ஒரு தரம் அசைந்தது. உடனே சத்தியம் ஞாபகம் வந்து நின்றுவிட்டது.

நெடுநேரம் யோசித்தது. கீரி தின்றால் என்னை மட்டும்தான் தின்னும். இந்தச் சத்தியம் பதினெட்டு முட்டையைத் தின்றுவிட்டதே என்று நினைத்தது.

பிறகு கிளறியது. தவிட்டைக் கொத்தியது. கீரையைக் கிழித்தது. நத்தை ஓட்டை நொறுக்கியது. அடியில் கரையான் கிடைத்தது, அதையும் விடவில்லை. பாவாயி கண்ணயரும் மத்தியானமெல்லாம் குழிக்குப் போய்வந்தது. சில வாரங்களில் கால் நேரானது. அடுத்த ஈட்டில் கெட்டி ஓட்டோடு ஒன்பது முட்டை இட்டு, அடையில் உட்கார்ந்தது.

அன்றைக்கு அரிசி போட வந்த பாவாயி, கோழியின் நகத்தைப் பார்த்துவிட்டாள்.

"கால்ல என்ன மண்ணு?"

செவலை பொய் சொல்லவில்லை. "கிளறிட்டேன்க்கா. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் மட்டும் கூடை போட்டு மூடு. அப்புறம் என்னைக் கீரிக்கு விட்டுடு."

பாவாயி ஒரு முட்டையை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். டக்கென்றது. செவலையின் காலைப் பார்த்தாள். தன் வீங்கிய காலையும் பார்த்தாள்.

"அப்படி என்னத்தைத் தின்னே?"

"நீ கொட்டினதைத்தான்" என்றது செவலை. "தவிடு, கீரை, அதுக்கடியில கெடந்த நத்தை ஓடு, பூச்சி."

"நத்தை ஓடும் பூச்சியும் எனக்கு வேண்டாம்" என்றாள் பாவாயி.

மற்றதை அவள் விடவில்லை. மூன்றாவது குத்தை அன்றோடு நிறுத்தினாள். பழுப்பு அரிசிச் சோற்றோடு கீரையும் அவரையும் கொள்ளும் அவள் வட்டிலுக்கு வந்தன. செவலை ஒன்பது குஞ்சுகளோடு அடையைவிட்டு இறங்கிய சமயத்தில் பாவாயியின் கால் வீக்கமும் வடிய ஆரம்பித்திருந்தது. அவளே நடந்துபோய்க் குஞ்சுகளுக்குக் கரையான் புற்றுமண் எடுத்துவந்தாள்.

மாரியம்மன் பொங்கலுக்காக வாசலில் பாய் விரித்து அரிசியைக் குவித்திருந்த ஒரு நாள், பாவாயி செவலையைத் தூக்கி அந்தக் குவியல்மேலேயே விட்டாள்.

"சத்தியம் கித்தியம் எல்லாம் போகட்டும். வேணுங்கிற மட்டும் தின்னு."

செவலை இரண்டு அரிசிமணி கொத்தியது. பிறகு நின்று யோசித்தது. இரண்டு காலாலும் பலமாகக் கிளறியது. அரிசி வாசலெல்லாம் பறந்தது. குஞ்சுகளும் ஏறிவந்து தாயைப் பார்த்துக் கிளறின.

செங்கோடன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அரிசி மேலயே நின்னுக்கிட்டு இன்னும் எதைத் தேடுது இந்தக் கோழி?"

"மிச்சத்தை" என்றாள் பாவாயி, சிதறியதை அள்ளிப் போட்டுக்கொண்டே.

அன்று முதல்தான், எவ்வளவு பெரிய தானியக் குவியலில் கொண்டுபோய் விட்டாலும், கோழி காலால் கிளறி அடியில் வேறென்ன இருக்கிறதென்று பார்க்கிறது.