சென்னியப்பனின் விண்வெளி வாட்ச்

மில் முதலாளி சென்னியப்பன் ராகுகாலம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவர் வெளிநாட்டு வாட்ச் ஒன்று வாங்கினார். விலை ஒரு காருக்கு மேல். கனம் ஒரு வெற்றிலைக்குக் கீழ். விண்கலம் போன்ற அதற்கு முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. உள்ளே மூன்று வட்டங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தியிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தபோது டிரைவர் மயில்சாமி வந்து நின்றான்.

“லேட்டு. இந்த வாட்ச் ஒரு நொடி தப்பாது. கார் சாவியை வெச்சுட்டு வேலையை விட்டுப் போயிரு” என்றார் முதலாளி.

“வெச்சர்றனுங்க. ஆனா ராகுகாலத்துல சாவி கை மாறக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. முடிஞ்சிருச்சான்னு அந்த வாட்சப் பாத்துச் சொல்லுங்க.”

சென்னியப்பன் மணிக்கட்டை வெயிலில் பிடித்தார். நிழலில் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டும் பார்த்தார். வட்டங்கள் பாட்டுக்குச் சுற்றின.

“ஏனுங் சம்பந்தி, மணி என்னாச்சுங்?” என்று வந்தவரும் கேட்டுவிட்டார்.

முதலாளி டிரைவர் பக்கம் மெல்லச் சாய்ந்தார். “மயிலு, உன் வாட்சுல என்ன மணி?”

“இது லேட்டா வந்தவன் வாட்சுங்க. இதை நம்பி ஒருத்தனை வேலையை விட்டு நிறுத்தலாமுங்களா?”

முதலாளி வண்டியை எடுக்கச் சொன்னார்.